மூணாற்றில் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், சரி. வீடு யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: “மூணாறு, வட்டவடை, வண்டிப்பெரியாறு என்று ஒரு வாரம் சுற்றினோம். டீக்கடை, ஜீப், லாட்ஜ் என்று எங்கே போனாலும் தமிழ்தான். கேரளத்து மலைக் கிராமங்களில் தமிழர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று சொல்வது மிகையோ என்று தோன்றியது. அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?”

நான் பிறந்தது வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பாவின் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் மலையேறியவர். நான் தமிழ் மீடியம் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது குமுளியில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது பொய் இல்லை. மூணாறு பஜாரில் மலையாளியும் தமிழில்தான் விலை சொல்வார். ஆனால் சுற்றுலா வந்தவர் நடப்பது கடைத்தெருவில். கடைத்தெருவில் யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை, வியாபாரம் கெட்டுப்போகும். மொழிக்காக மட்டும் கேட்டால் எங்களுக்கு அழுது புலம்ப அதிகம் இல்லை. எங்கள் வில்லங்கமெல்லாம் இரண்டு காகிதத்தில் இருக்கிறது. ஒன்று வீட்டுப் பத்திரம், இன்னொன்று சாதிச் சான்றிதழ். வெளியே இருந்து வருகிறவர் கண்ணுக்கு இரண்டும் தெரியாது.

முதலில் பட்டப்பேர் விஷயத்தை முடித்துவிடலாம், எல்லாரும் கேட்பது அதுதான். ஆமாம், ‘பாண்டி’ என்பார்கள். பாண்டிய நாட்டுக்காரன் என்பதுதான் அதன் பொருள், அதில் இழிவு ஒன்றும் கிடையாது. திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறையில் கொட்டுவது பாண்டி மேளம். அதைக் கேட்க ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அதே வார்த்தை மேளத்தை விட்டு ஆள் மேல் விழுந்தால் அழுக்கு, முரட்டுத்தனம், படிப்பில்லாமை எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. மலையாள சினிமாவில் ரொம்பக் காலம் தமிழன் என்றால் திருடன், பிச்சைக்காரன், இல்லாவிட்டால் வட்டிக்காரன். கோட்டயத்துக்குப் படிக்கப் போன என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் வருடம் வாயைத் திறக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். திறந்தால் ‘அண்ணாச்சி’ என்று ஒருவன் ராகம் போடுவான். மனசு வலிக்கும். ஆனால் வீடு போகாது, வேலை போகாது. அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போதுள்ள பிள்ளைகள் பதிலுக்கு மலையாளத்திலேயே நன்றாகத் திட்டவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சரி, எப்படி வந்தோம் என்று பார்க்கலாம். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். அடுத்த சில வருடங்களில் அங்கே தேயிலை வந்தது. காட்டை வெட்ட, குழி தோண்ட, கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் கோட்டயம் பக்கத்து ஆட்கள் மலைக் காய்ச்சலுக்கும் அட்டைக்கும் பயந்து ஏறவில்லை. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். பஞ்சத்திலும் கடனிலும் இருந்தவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள். போடி வழியாகவும் கம்பம் வழியாகவும் நடந்தே ஏறினார்கள். பழங்குடிகளான முதுவர்கள் அதற்கும் எத்தனையோ காலம் முன்பே மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்தார்கள் என்று அவர்கள் கதை சொல்கிறது. வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் பக்கத்து விவசாயிகளும் தோட்டத்துக்கு முந்தியவர்கள். ‘மலையில் தமிழன்’ என்பது ஒரே கூட்டம் இல்லை. இது பின்னால் வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. மூணாறு இருக்கும் தேவிகுளமும் வண்டிப்பெரியாறு இருக்கும் பீருமேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, தேவிகுளம் பீருமேட்டுத் தமிழர் மேல் நடந்த கெடுபிடியைக் கண்டித்து நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் நடத்திய போராட்டம் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வரை போனது. எங்களுக்காக உயிர் விட்டவர்கள் ஊர் தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் போகவில்லை. “குளமாவது மேடாவது” என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் டீக்கடையில் அடிபடும், அதில் சண்டையும் வரும். அதைவிட முக்கியம் எல்லை பிரித்தபோது எடுபட்ட வாதம். இந்த இரண்டு தாலுகாவிலும் தமிழர் நிறைய இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் இல்லை என்றார்கள். வந்து போகிறவர்கள்! என் பாட்டி அப்போது அதே லயத்தில் நாலாவது பிள்ளையைப் பெற்றுவிட்டிருந்தாள்.

இந்த ஒரு வாதம்தான் அப்புறம் எல்லா அலுவலகத்திலும் வேறு வேறு உருவத்தில் எங்கள் முன்னால் வந்து நின்றது.

இப்போது வீட்டைப் பற்றி. லயம் என்றால் நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக ஆறோ எட்டோ வீடு. எங்களுடையதில் முன்னால் சின்ன வராந்தா, ஒரு அறை, பின்னால் அடுப்படி. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அதனால் மூன்றாவது வீட்டில் யார் இருமினாலும் எங்களுக்குத் தெரியும். என்ன குழம்பு என்பதும் தெரியும். கதவில் பெயிண்டில் எண். எங்கள் எண் 14. அந்த எண்ணை அப்பா வருடத்துக்கு ஒருமுறை மெனக்கெட்டுத் துடைப்பார், ஏதோ அது எங்கள் குடும்பப் பேர் மாதிரி. ஆனால் வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. 58 வயதில் ஓய்வு. ஓய்வு என்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பல தோட்டங்களில் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும். பணத்தை வாங்கினால் தங்க இடமில்லை, தங்கினால் பணமில்லை.

இதைச் சமாளிக்க எங்கள் ஜனம் கண்டுபிடித்த வழி, ஒரு பிள்ளையைத் தோட்டத்துக்கு நேர்ந்து விடுவது. எங்கள் வீட்டில் தம்பி. நான் பி.எட். படிக்கப் போனேன், அவன் பத்தாவதோடு கொழுந்துக் காட்டுக்குப் போனான். அம்மா ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான் இருந்தது. யாராவது ஒருவர் பேர் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், ஏறியிருந்தால்தான் 14-ம் எண் எங்களிடம் நிற்கும். அவன் என்னைவிட நன்றாகப் படிப்பவன். இதை அவனும் நானும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் வந்ததே என்பீர்கள். வந்தது, 1970 ஜனவரி 1 முதல். குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த இடத்தில் பத்து சென்ட் வரை கிடைத்தது. கேரள கிராமத்து ஏழையை நிமிர்த்தி நிற்க வைத்த சட்டம் அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயத்தில் இருந்தவனுக்கு அந்தப் பத்து சென்ட்டும் இல்லை. கீழ்நாட்டில் குடிகிடப்புக்காரன், அதாவது அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவன், பத்திரம் வாங்கிக்கொண்டிருந்த அதே வருடத்தில் என் அப்பா தோட்டத்துக்காரன் கொடுத்த கம்பளியை வாங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கேரளத்தில் ஏழையான மலையாளிக்கும் ஏழையான தோட்டத் தமிழனுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளக்க வேண்டும் என்றால் நான் அந்தப் பத்து சென்ட்டைத்தான் காட்டுவேன்.

இதில் மலையாளி மேல் மட்டும் பழி போட எனக்கு இஷ்டமில்லை. திருநெல்வேலி மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2024-ல் தோட்டத்தை மூடிவிட்டுத் தொழிலாளிகளை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தமிழ்நாடு, தமிழ் அரசு, தமிழ்த் தொழிலாளி. அவர்களுக்கும் இதே கதைதான். லயத்துக்கு மாநில எல்லை கிடையாது.

அடுத்த காகிதம். 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த ஜனாதிபதி உத்தரவுதான் எந்த மாநிலத்தில் எந்தெந்த சாதி பட்டியல் சாதி என்று சொன்னது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனவனுக்குப் போன இடத்தில் அந்தச் சலுகை கிடைக்காது. 1990-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதை எங்கள் மேல் வைத்துப் பாருங்கள். 1950-க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டு என்பார்கள். காட்ட என்ன இருக்கிறது? நிலப் பத்திரம் கிடையாது, ஏன் கிடையாது என்று மேலே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட ரெஜிஸ்டர் கிடையாது, பாட்டன் பள்ளிக்கூடம் போனதில்லை. மிச்சம் இருப்பது தோட்டத்துப் பழைய செக்ரோல். கைமாறிக் கைமாறிப் போன தோட்டங்களில் அதுவும் கறையான் தின்றதாகத்தான் இருக்கும்.

ஒரு மாணவிக்காக நானே அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். நர்சிங் சேர வேண்டும், கடைசித் தேதிக்கு நாலு நாள். கிளார்க் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். “மாஷே, அம்பதினு மும்புள்ள தெளிவு உண்டோ?” என்று கேட்டார். வாத்தியாரே, ஐம்பதுக்கு முந்திய ஆதாரம் உண்டா என்று அர்த்தம். மலையாளத்தில் ‘தெளிவு’ என்றால் ஆதாரம். அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு மலையாளம் பேசத் தெரியும், ஆனால் அந்த நேரத்து நடுக்கத்தில் தமிழில் புரிந்துகொண்டுவிட்டார். “தெளிவாத்தான் சொல்றேன் சார், எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம்” என்றார். கிளார்க் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். ஒரு செக்ரோல் நகல் இருந்தது, அதில் அவர் பாட்டி பேர் ‘பேச்சி’ என்று இருந்தது. ரேஷன் கார்டில் ‘பேச்சியம்ம’. குடும்பத்தார் சொல்வது பேச்சியம்மாள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று யார் கையெழுத்துப் போடுவது? சான்றிதழ் வரவில்லை. தமிழ்நாட்டில் முயற்சி செய்தோம். அங்கே நேட்டிவிட்டி கேட்டார்கள். படித்தது பிறந்தது எல்லாம் கேரளா, எனவே இல்லை. இங்கே அவள் தமிழ்நாட்டுக்காரி, அங்கே கேரளாக்காரி. வட்டிக்குக் கடன் வாங்கிப் பொதுப் பிரிவில் சேர்ந்தாள். எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை, ஆதாரம் கிடைத்து வாங்கியவர்களும் நிறைய உண்டு. ஆனால் ஏழைப் பிள்ளையின் படிப்பு எழுபது வருடத்துக் கறையானை நம்பி இருக்கக் கூடாது இல்லையா.

இந்தச் சிக்கல் எம்.எல்.ஏ. வரைக்கும் போயிருக்கிறது. தேவிகுளம் தனித்தொகுதி. 2021-ல் ஜெயித்த சி.பி.எம். கட்சியின் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். மொழிபெயர்ப்பில் குறை இருந்ததால் இன்னொரு தடவை எடுக்க வேண்டி வந்தது. அப்புறம் அவர் இந்தத் தொகுதியில் நிற்கத் தகுதியுள்ள பட்டியல் சாதிக்காரர் இல்லை என்று வழக்கு. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவருக்குப் பதவியை உறுதி செய்தது. குடும்பம் என்ன மதம், எப்போது இந்த மலைக்கு வந்தது என்பது வரை கோர்ட்டில் அலசினார்கள். எனக்கு அவர் கட்சி பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதி என்றால் பேச்சியம்மாள் பேத்தி எந்த மூலை?

சட்டத்தில் எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் 1969-லிருந்தே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. அரசுத் தேர்வாணையம் இடுக்கியில் தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்று தனியாகவே ஆள் எடுக்கிறது. தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கின்றன, நானே அதில் சோறு தின்றவன். ஆனால் ஒருமுறை எங்கள் பள்ளிக்குக் கணக்கு நடத்த வந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பாவம், அவர் மேல் என்ன குற்றம்? போர்டில் எண்ணை மட்டும் எழுதுவார், சொல்கணக்கு வந்தால் முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து மொழிபெயர்ப்பான். அவன் இப்போது குமுளியில் சுற்றுலா கைடு, நாலு மொழி பேசுகிறான். தமிழில் மனு எழுதினால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன்: வாங்கிக்கொள்வார்கள், மறுக்க மாட்டார்கள். மலையாளத்தில் எழுதியது நாலு நாளில் நகரும், இது மொழிபெயர்க்க ஆள் வரட்டும் என்று கிடக்கும். எனவே உரிமை தெரிந்தவனும் ஐம்பது ரூபாய் கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் போகிறான்.

நிஜமாகப் பயந்த நாள் என்று கேட்டால் 2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு. இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது, வெளியே யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. அணை உடைந்தால் முதலில் போவது வண்டிப்பெரியாறு. அதாவது நாங்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பது தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம். அதாவது எங்கள் அத்தை, மாமன், பெண் கொடுத்த சம்பந்தி. அணை உடைந்துவிடும் என்று மலையாளி சொன்னால் எங்களுக்கும் தூக்கம் வராது. அணையை இடி என்றால் அத்தை வீட்டு வயல் கண் முன்னால் வரும். இரண்டு பக்கமும் பேச முடியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அந்த மாதம் எல்லையில் இரண்டு பக்கமும் அடிதடி. கம்பத்துப் பக்கம் மலையாளிகளின் கடையும் தோட்டமும் தாக்கப்பட்டன. இங்கே உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ராவோடு ராவாக போடிக்கும் தேவாரத்துக்கும் இறங்கிப் போயின. காட்டு வழியாகக் கைக்குழந்தையோடு நடந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி சேட்டன் கடை வைத்திருந்தார். அவர் மூன்று ராத்திரி எங்கள் வராந்தாவில் வந்து படுத்துக்கொண்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை, “வீட்டில் கொசு அதிகம்” என்றார். டிசம்பர் குளிரில் கொசு!

பெட்டிமுடியைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர், அதில் நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. செத்தவர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் போனவர்களும் பாவப்பட்ட ஜனம்தான், கோவிட் நேரத்தில் துபாயிலிருந்து திரும்பியவர்கள். அவர்களோடு எங்களுக்கு என்ன பகை? ஆனால் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் செய்தியில் பார்த்தபோது லயத்துக் கிழவிகள்கூடக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பிற்பாடு குற்றியார்வேலியில் எட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். குவி என்ற நாய் ஒரு குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்ததைக் கேரளம் முழுக்க எழுதினார்கள். நல்ல நாய், நானும் அழுதேன். நாயின் பேர் தெரிந்த அளவுக்கு அந்த 70 பேரில் ஒருவர் பேராவது வெளியில் யாருக்காவது தெரியுமா என்று பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் அழுகையாகச் சொன்னால் எங்கள் பெண்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். போனஸை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். பழையபடி 20 வேண்டும் என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் உங்களுக்கு, லயம் எங்களுக்கா என்று தமிழில் கேட்ட கேள்வியை மலையாள டிவி நேரலையில் காட்டியது. ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு வழி பிறந்தது. நாள் கூலி 232 ரூபாயிலிருந்து அப்புறம் 301 ஆனது. 500 கேட்டார்கள், வரவில்லை. அந்த அமைப்பின் பேரைக் கேளுங்கள்: பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. பாதி தமிழ், பாதி மலையாளம், மொத்தத்தில் மலைப்பேச்சு. எனக்கு அதில் ஒரு பெருமை. தலைவர்கள் நடுவில் பிறகு பிளவு வந்தது, தேர்தலில் நின்று கட்சிகளின் பலத்துக்கு முன்னால் நீடிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு பஸ்ஸில் ‘பாண்டிப் பெண்ணுங்கள்’ என்று யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

இனி, மலையில் தமிழன் ஒரே கூட்டம் இல்லை என்று சொன்னேனே, அந்தப் பகுதி. இது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. 2020-ல் வட்டவடையில் சக்கிலியர் குடும்பத்து ஆண்களுக்கு முடி வெட்ட முடிதிருத்தும் கடைகளில் மறுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. வெட்டிக்கொள்ள மலையிறங்கி வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அதுவும் தலைமுறை தலைமுறையாக. பஞ்சாயத்து அந்தக் கடைகளைப் பூட்டி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கடை திறந்தது. மறுத்தவனும் தமிழன், மறுக்கப்பட்டவனும் தமிழன். பாலக்காட்டு எல்லையில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் 2017-ல் வெளியே வந்ததும் இதே மாதிரிதான். அங்கே பிரச்சினை தண்ணீர்க் குழாயிலும் டீ கிளாஸிலும். மலையாளி எங்களை ஒதுக்குகிறான் என்று மேடையில் பேசுகிறவர்களில் சிலர் எந்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், எந்த வீட்டில் குடிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதே வட்டவடைப் பையன்தான் அபிமன்யு. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் குத்திக் கொல்லப்பட்டான். அவன் அம்மா “நான் பெத்த மகனே” என்று வைத்த ஒப்பாரி கேரளம் முழுக்க ஒலித்தது, மலையாளப் பத்திரிகைகள் அந்தத் தமிழை மொழிபெயர்க்காமல் அப்படியே போட்டன. எங்கள் மொழி எல்லாருக்கும் புரியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். புரிய வைக்க என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் பார்த்தோம்.

இப்போது தோட்டத்தில் எங்கள் பிள்ளைகள் குறைவு. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வருகிறது. கேரள அரசு அவர்களை ‘அதிதி தொழிலாளி’, அதாவது விருந்தாளித் தொழிலாளி என்கிறது. நூறு வருடத்தில் எங்களை யாரும் விருந்தாளி என்று சொன்னதில்லை என்று லயத்தில் ஒரு கேலி உண்டு. ஆனால் அந்த வடக்கத்திப் பிள்ளைகள் பைப்படியில் நின்றால் எங்கள் ஆட்கள் மூக்கைச் சுளிப்பதையும் பார்க்கிறேன். ‘ஹிந்திக்காரங்க’ என்று சொல்லும்போது அந்தக் குரலில் பழைய ‘பாண்டி’யின் ராகம் அச்சாக இருக்கிறது.

தம்பி கடைசியில் தோட்டத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் போனான். 14-ம் எண்ணைக் காலி செய்தோம், அம்மா என்னோடு குமுளிக்கு வந்தாள். குமுளி வீடு பத்திரத்தோடு என் பேரில் இருக்கிறது. அம்மா அதைக் கடைசி வரை ‘உன் வீடு’ என்றுதான் சொன்னாள். இரண்டு வருடம் முன்பு இறந்தாள். அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்த இடுகாடு தோட்டத்துக்குள்ளே இருக்கிறது, ஆபீஸில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டோம், கொடுத்தார்கள். வேனில் கொண்டுபோனோம். கேட்டில் வாட்ச்மேன் என் பழைய மாணவன். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், ஆனாலும் ரெஜிஸ்டரை எடுத்துத்தான் ஆக வேண்டும். ‘விசிட்டர்’ என்று போட்ட பக்கத்தைத் திறந்து, வண்டி எண்ணை எழுதிவிட்டு, “எத்தனை பேர் சார்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“அம்மாவையும் சேர்த்தா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றான். நாங்கள் ஏழு பேர். அவன் எட்டு என்று எழுதினான்.